சுங்குடி கட்டிய படகு

திண்டுக்கல்லில் அப்போது குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்குத் திருநாள். வருவதும் செத்த நேரம்தான், நாலு குடம் நிறைவதற்குள் குழாய் காற்றைக் கக்கிவிட்டு ஓய்ந்துபோகும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு டீச்சரம்மா, வயசுப் பெண்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பாய்மரப் படகு ஓட்டப் பழக்கப்போகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? நாகல் நகர் கடைத்தெருவில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. “குடத்துக்கே தண்ணியக் காணோம், இந்தம்மாவுக்குக் கடல் கேக்குதாக்கும்” என்று மளிகைக்கடை வாசலில் நின்று சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, காசா பணமா? எண்பத்து நாலாம் வருஷத் தை மாதம் கௌசல்யா டீச்சர் ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போனார்.

டீச்சருக்குச் சின்னாளபட்டி. தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்திலேயே பாடம் படித்து, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக வாத்தியார் வேலைக்குப் போனவர். பூகோளம் எடுப்பார். அவர் பருவக்காற்றுப் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகூடக் கொட்டாவி விடாது. கரும்பலகையில் இந்தியாவை ஒரே இழுப்பில் வரைந்து, வடகிழக்கிலிருந்து அம்பு அம்பாகக் காற்றை இறக்குவார் பாருங்கள், ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். ஆனால் அந்த டீச்சர் ஒரு நாளும் கடலில் படகேறியவர் இல்லை.

ஏறியிருக்க வேண்டியவர்தான். தூத்துக்குடியில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதிப் பெண்களையெல்லாம் பாய் கட்டிய தோணியில் ஏற்றி முயல்தீவுக்குக் கூட்டிப்போனார்கள். கௌசல்யாவுக்கு அன்றைக்கென்று தலைவலி. மற்றவர்கள் கையாட்டிக்கொண்டு போக, அவர் மட்டும் கரையில் உட்கார்ந்து அந்தப் பாய் சிறுத்துச் சிறுத்து மறைகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, விடுதிக்குப் போய் அழுதார். அந்தத் தலைவலி பொய். என்னத்துக்குப் பொய் சொன்னார் என்பதைக் கட்டின புருஷனிடம்கூட அவர் வாய்விட்டதில்லை. இடம் வரும்போது நான் சொல்கிறேன்.

அந்த ஏக்கம் கல்யாணம் ஆகியும், பிள்ளைகள் பெற்றும், தலையில் நாலு நரை விழுந்தும் போகவில்லை. குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறபோதெல்லாம் தூத்துக்குடியில் இறங்கிக் கடலை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவார். அப்படி ஒரு வருஷம் போனபோது, கரையில் பள்ளிக்கூடப் பையன்கள் பட்டாளம் ஒன்று பாயை விரித்துப் போட்டுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தது. நடுவில் காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு மனிதர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் ஞானராஜ். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்து, தை மாதம்தோறும் பள்ளிப் பையன்களைப் படகில் ஏற்றிக் கன்னியாகுமரி வரைக்கும் பாய்விட்டுக் கூட்டிப்போகிறவர். பகலில் கடல், ராத்திரி ஏதாவது ஒரு கரையில் தங்கல், நாலு நாள் பயணம்.

டீச்சர் நேரே போய்க் கேட்டார். “பொம்பளப் பிள்ளைகள ஏத்த மாட்டீங்களா சார்?”

ஞானராஜ் திரும்பிப் பார்த்தார். “ஏத்த மாட்டேன்னு யாரு சொன்னா டீச்சர்? இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலியே!”

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் டீச்சருக்கு இருந்தது. ஆனால் பாலுக்கும் வாய்க்கும் நடுவில் பெரிய டீச்சர் இருந்தாரே. தலைமையாசிரியை சிவனம்மாளைப் பள்ளிக்கூடமே பெரிய டீச்சர் என்றுதான் சொல்லும். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. கௌசல்யா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆழம் தெரியாமக் காலை விடுறீங்க” என்றார். நாலு தடவை போய் நின்ற பிறகு ஒரு வழியாக இறங்கிவந்தார். “போங்க. ஆனா ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, அத்தோட இந்தக் கூத்துக்கு முழுக்கு. அப்புறம் நான் இருக்க மட்டும் இந்த ஸ்கூல் பிள்ளை ஒண்ணு கடல் பக்கம் போகாது. சம்மதமா?”

“சம்மதம் பெரிய டீச்சர்.” வேறென்ன சொல்வார், பாவம்.

அடுத்தது பெற்றவர்கள். அதிலும் சின்னாளபட்டி அங்கம்மாள் லேசில் மசிகிற ஆள் இல்லை. சுங்குடிச் சேலைக்குப் புள்ளி முடிச்சுப் போடுகிறவள். அவள் மகள் கனகா பத்தாம் வகுப்பு. டீச்சர் போய் உட்கார்ந்து பேசப் பேச, அங்கம்மாள் கை நிற்காமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் தலையைத் தூக்கினாள்.

“உங்கள நம்பித்தான் அனுப்புறேன் டீச்சர். கொண்டுபோன மாதிரியே முழுசாக் கொண்டாந்து விட்டுரணும்.”

அனுப்பினதோடு நிற்கவில்லை. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த புதுச் சுங்குடி ஒன்றைக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தாள். “கன்னியாகுமரில எறங்கி, இதக் கட்டிக்கிட்டு எம்மகளுக்காக ஆத்தாவக் கும்பிட்டு வாங்க.”

மார்கழி முழுக்கப் பயிற்சி. ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக் கிணற்றில், மழைத் தண்ணீர் கிடக்கும்போதே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார் டீச்சர். அண்ணன் தம்பிகளின் பேண்ட்டைப் பிடித்துச் சுருக்கித் தைத்துக்கொண்டார்கள். யுவராணி என்று ஒரு வாயாடி, அவள் போட்ட பேண்ட் அவள் அண்ணனுக்கே பெரிது, அதைப் பார்த்து மற்ற அஞ்சு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். தூத்துக்குடிக்குப் போய்க் கயிறு முடிச்சுப் பழகும்போது ஞானராஜ் ஒரு தடவை காட்டுவார், கனகாவின் கை மறுதடவை போட்டு முடித்திருக்கும். “ஏ பிள்ள, நீ எந்தக் கப்பல்ல இருந்த?” என்று கேட்டார் அவர்.

பொங்கல் கழிந்து அஞ்சாம் நாள் படகு கிளம்பியது. திறந்த படகு, ரெண்டு பாய், பின்னால் சுக்கான், நடுவில் ரெண்டு தகர டிரம்மில் குடிதண்ணீர். துறைமுகத்தைத் தாண்டியதும் வடக்கேயிருந்து ஒரு காற்று வந்து பாயில் விழுந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டம் பிடித்தது. “வாடை டீச்சர், வாடை!” என்று கத்தினார் ஞானராஜ். இத்தனை வருஷமாகச் சாக்பீஸால் அம்பு போட்டுக் காட்டிய காற்று, நிஜமாக வந்து டீச்சர் கன்னத்தில் அறைந்தது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. பிள்ளைகள் யாரும் பார்த்துவிடாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

வாந்தி எடுத்தார்கள், பாயின் கயிற்றை மாற்றி இழுத்து ஞானராஜிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், எல்லாம் இருந்தது. சாயங்காலம் திருச்செந்தூர்க் கரையில் இறங்கியபோது ஞானராஜ் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு அசந்துபோனார்.

“பையன்கள்னா மத்தியானத்துக்குள்ள ஒரு டிரம்ம நக்கிருப்பானுவ. உங்க பிள்ளைக தண்ணிய எம்புட்டு சிக்கனமா வச்சிருக்கு பாருங்க!”

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க ஊரு அப்படி சார். தண்ணியோட அருமை தெரிஞ்சு வளந்ததுக” என்றார். அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது.

மறுநாள் பத்து மணிக்கு மேல் காற்று செத்துப்போனது. பாய் நனைந்த துணி மாதிரித் தொங்கியது. வெயில் மேலேயும் அடித்தது, தண்ணீரில் பட்டுக் கீழேயும் அடித்தது. பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேராகத் துடுப்புப் போடச் சொன்னார் ஞானராஜ். துடுப்பில் இருந்த கனகா திடீரென்று, “டீச்சர்...” என்றாள். அவ்வளவுதான். அப்படியே முன்னால் சாய்ந்து விழுந்தாள்.

டீச்சர் அவளைத் தூக்கி மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தார். உதடு வெடித்து, நாக்கு காய்ந்து கிடந்தது பிள்ளைக்கு. ஞானராஜ் டிரம்மைத் தட்டினார். டம் என்று நிறைந்த சத்தம். காலையில் ஊற்றினது ஊற்றினபடி இருந்தது.

“தண்ணி குடிக்கலியா நீங்க யாரும்?” அவர் குரல் உயர்ந்தது. வாயாடி யுவராணிகூடக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் டீச்சருக்குத் தன் தொண்டையும் காய்ந்து ஒட்டிக்கிடப்பது உறைத்தது. அவரும் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று அவரைப் போல யாருக்குத் தெரியும்?

துடுப்புப் போட்டே மணப்பாடு போய்ச் சேர்ந்தார்கள். கரையோர மருந்தகத்தில் செபாஸ்தியம்மாள் என்று ஒரு நர்ஸ். கனகாவுக்குச் சீனியும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். செத்த நேரத்தில் கண் தெளிந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நர்ஸ் டீச்சர் பக்கம் திரும்பி, “நோயும் இல்ல நொடியும் இல்ல. சுத்தித் தண்ணியில இருந்துக்கிட்டுத் தண்ணி குடிக்காம மயங்குன பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியில் வந்ததும் ஞானராஜ் சொன்னார். “போதும் டீச்சர். காலைல திருச்செந்தூர் பஸ்ல ஏத்தி விட்டுருதேன். பொம்பளப் பிள்ளைகளுக்கு இது ஒத்துக்கலன்னு நினைச்சுக்கிடுவோம்.”

அந்தக் கடைசி வாக்கியம் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் ஏறினால் கதை முடிந்தது. பெரிய டீச்சர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. இனி அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் கடலைப் பார்க்காது. ஊர் இன்னொரு வாரம் சிரிக்கும். அதைவிட, பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிற பொய் நிஜமாகிப்போகும். “செத்தப் பொறுங்க சார், பிள்ளைகளக் கேட்டுட்டு வாரேன்” என்று உள்ளே போனார்.

கனகா கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “எங்கம்மாதான் சொல்லிவிட்டாக டீச்சர். ஆம்பள இருக்க படகுல ஒதுங்க எடம் இருக்காது, பொழுது சாயுற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு, சொட்டுத் தண்ணி குடிச்சிராதன்னு.”

“எங்க வீட்லயும் அதேதான்” என்றாள் யுவராணி. “நம்ம ஸ்கூல்லயும் அப்படித்தான டீச்சர். கக்கூஸ் பூட்டியே கெடக்கு. காலைல குடிச்சா அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான குடிப்போம்.”

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்த இடத்தில்தான் அந்தத் தலைவலிக் கதை வெளியே வந்தது.

“நான் உங்களவிட அஞ்சாறு வயசு பெரியவளா இருக்கும்போது, முயல்தீவுக்குத் தோணியில போக வேண்டியவ. தலைவலின்னு பொய் சொல்லிக் கரையிலயே நின்னுட்டேன். அன்னைக்கு முழுக்கப் படகுல இருக்கணுமே, அவசரத்துக்கு எங்க ஒதுங்குறது, யார்ட்டக் கேக்குறதுன்னு ஒரே பயம். அந்த ஒரு வெக்கத்துக்காக இம்புட்டு வருஷம் கடலக் கரையில இருந்தே பாத்தேன். இப்பக்கூட ஒங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தேன், காத்துச் சொல்லிக் குடுத்தேன், இதப் பத்தி வாயத் தெறக்கல. நேத்து நீங்க தண்ணி குடிக்காததப் பெருமையா வேற பேசுனேன், கூறுகெட்டவ.”

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் அழுவதைப் பிள்ளைகள் முன்பின் பார்த்ததில்லை.

“சொல்லுங்க. பஸ்ஸா, படகா?”

“படகுதான் டீச்சர்” என்றாள் கனகா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “ஆனா...”

“அந்த ஆனாவுக்கு நான் ஆச்சு.”

ஆச்சு என்று சொல்லிவிட்டாரே தவிர, ஞானராஜ் முன்னால் போய் நின்றதும் பேச்சைச் சுற்றி வளைத்தார். படகில் பெண்களுக்குச் சில அசௌகரியம் இருக்கிறது என்றார். அவர் தலையாட்டி, “காத்து வந்தா எல்லாம் சரியாயிரும்” என்றார். மறைவாக ஒரு ஏற்பாடு வேண்டும் என்றார். “வெயிலுக்குப் பந்தல் போட்டா பாய் திரும்பாதே டீச்சர்” என்றார் அந்த மனிதர். இதற்கு மேல் சுற்றி வளைக்க டீச்சரிடம் வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டு உடைத்தார்.

“ஒண்ணுக்குப் போக எடம் இல்ல சார். அதான் பிள்ளைக தண்ணி குடிக்கல. நானும் குடிக்கல.”

ஞானராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். “மாதாவே! மூணு பொம்பளப் பிள்ளையப் பெத்து வளத்தவன் நான். பாய் பாத்தேன், கயிறு பாத்தேன், மருந்துப் பெட்டி வரைக்கும் பாத்துப் பாத்து வச்சேன். இது என் புத்தியில ஏறலியே.”

“என் புத்தியிலயே ஏறலியே சார்” என்றார் டீச்சர். ரெண்டு பேரும் வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

விடிந்ததும் படகின் பின்கோடியில் ரெண்டு கம்பு நட்டு, குறுக்கே கயிறு கட்டினார் ஞானராஜ். உள்ளே மூடி போட்ட வாளி ஒன்று. சுக்கான் பிடிக்கிற தன் இடத்தை விட்டுக்கொடுத்து, பிள்ளைகள் கையில் சுக்கானைக் கொடுத்துவிட்டு, தான் முன்கோடிக்குப் போய்க் காற்றுப் பார்க்கிறேன் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். திரைக்குத் துணி? டீச்சர் பையைத் திறந்து அங்கம்மாள் கொடுத்த அரக்குச் சுங்குடியை எடுத்தார். கனகா வாங்கித் தன் கையாலேயே நாலு முனையும் முடிச்சுப் போட்டாள். கடல் காற்றென்ன, புயலே அடித்தாலும் அவிழாத முடிச்சு.

கட்டியாயிற்று. ஆனால் யாரும் அசையவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். டீச்சர் ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு, அத்தனை பேர் பார்க்க, மடமடவென்று குடித்து முடித்தார். கொஞ்ச தூரம் போனதும் எழுந்து, பாடம் நடத்தக் கிளாசுக்குள் போகிற மாதிரி நிமிர்ந்து நடந்து, சுங்குடிக்குள் போய்விட்டு வந்தார். அப்புறம் யுவராணி செம்பைப் பிடுங்கிக் குடித்தாள். அப்புறம் கனகா. மத்தியானத்துக்குள் ஒரு டிரம் காலி. “பையன்களத் தோக்கடிச்சிட்டீய!” என்று முன்கோடியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே கத்தினார் ஞானராஜ்.

அன்றைக்கு வாடை மறுபடியும் எழுந்தது. பாய் உப்பியது, கூடவே அரக்குச் சுங்குடியும் உப்பியது. உவரிக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள், இதென்னடா புள்ளி வைத்த மூணாவது பாய் என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் பொழுது சாயக் கன்னியாகுமரி. டீச்சர் உப்புக் காற்றில் விறைத்துப்போன அந்தச் சேலையைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு கட்டிக்கொண்டு, ஆறு பிள்ளைகளும் சூழ ஆத்தாளைக் கும்பிட்டார். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு. சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் கூடி மந்திராலோசனை செய்தார்கள். “கனகா மயங்குனத பெரிய டீச்சர்ட்டச் சொல்லீராதீங்க டீச்சர். சொன்னா அடுத்த வருஷம் கெடையாது.” டீச்சருக்கும் அது தெரியாதா? ஊர் நெருங்கும் வரைக்கும் அதே நினைப்பு. மறைத்தால் பயணம் பிழைக்கும். ஆனால் அடுத்த வருஷப் பிள்ளைகளும் காலையில் குடித்துவிட்டு, அந்திவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிளாசில் உட்கார்ந்திருக்கும். அது என்ன பிழைப்பு?

பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த அங்கம்மாளிடம் முதலில் சொன்னார். அங்கம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு, “நாந்தான ஆத்தா குடிக்காதன்னு சொல்லிவிட்டேன், பாவி மக” என்று விசும்பினாள். சேலையைப் படகில் என்ன செய்தார்கள் என்று சொன்னதும் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

மறுநாள் பெரிய டீச்சர் அறை. கௌசல்யா உட்காரவில்லை. நின்றபடியே மயங்கினதையும் சொன்னார், ஏன் மயங்கினாள் என்பதையும் சொன்னார். “நீங்க சொன்ன சொல்லு எனக்கு ஞாபகம் இருக்கு. படகு போனாப் போகட்டும். ஆனா அந்தக் கக்கூஸைத் தெறந்து விடுங்க பெரிய டீச்சர். கடல்ல இடம் செஞ்சுக்கிட்டோம். நம்ம ஸ்கூல்ல இல்ல.”

“தண்ணி இல்ல, நாறுதுன்னு பூட்டச் சொன்னது நான்தான்” என்று மட்டும் சொன்னார் சிவனம்மாள். பிறகு எழுந்து, இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். ரெண்டு வருஷமாகத் திறக்காத பூட்டு. திண்டுக்கல் பூட்டு லேசில் விட்டுக்கொடுக்குமா? தேங்காயெண்ணெய் விட்டு, தட்டி, திருப்பி, பெரிய டீச்சரின் மணிக்கட்டு சிவந்த பிறகுதான் வாய் திறந்தது. கிணற்றிலிருந்து கிளாசுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்து ஊற்ற வேண்டும் என்று அங்கேயே நின்று உத்தரவு போட்டார். முதல் முறை தங்களுக்குத்தான் என்று யுவராணி வாளியோடு ஓடிவந்தாள்.

அறைக்குத் திரும்பியதும் சிவனம்மாள் மூலையில் இருந்த மண்பானையைத் திறந்தார். பார்வைக்கு வருகிற அதிகாரிகளுக்காக வைத்திருக்கும் பானை அது. ஒரு டம்ளர் மொண்டு, நின்றபடியே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பகல் வேளையில் அவர் தண்ணீர் குடித்துக் கௌசல்யா பார்த்தது அதுதான் முதல் தடவை.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வார தைக்கு எத்தனை பிள்ளைக?” என்று கேட்டார்.

கௌசல்யா கணக்கைச் சொன்னார். “காலைலயே பன்னெண்டு பேரு வந்து கேட்டிருக்காக. ரெண்டு படகு வேணும்.”

“அப்ப அங்கம்மாள்ட்டச் சொல்லி வைங்க,” என்றார் பெரிய டீச்சர், “சேலையும் ரெண்டு வேணும்ல.”